வலி தெரியாமல் இறங்கிய கை: தேரிக்காட்டுப் பனையேறி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரியிலிருந்து 52 வயதுப் பனையேறி ஒருவர் இடக்கையில் ஆழமான வெட்டுக்காயத்தோடு நான் அப்போது பணியாற்றிய சிறிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். காயம் இந்தப் பகுதிக்குப் புதிதன்று. பதநீருக்காகப் பாளை சீவும் பருவம் தொடங்கிவிட்டால் அருவாள் பட்ட விரலோடு யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள். இதை எழுதக் காரணம் வேறு. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மனிதரிடம் வலி மறைந்தது, வந்தது, மீண்டும் விலகியது; ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அதனோடு சேர்ந்தே மாறின. வலியை ஒரு தாளிலும் நாடியை இன்னொரு தாளிலும் எழுதிப் பழகிய நான், இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தவறியதால் ஒரு தசைநாண் வெட்டைக் கண்டுபிடிக்காமல் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பும் நிலைவரை போய்விட்டேன். நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் விலக்கப்பட்டுள்ளன.

நிகழ்ந்தது

அவர் பருவ காலத்தில் நாளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பனைகளில் இரண்டு வேளையும் ஏறி இறங்குபவர். அன்று அது மூன்றாவது பனை. மட்டைகளுக்கு இடையே உட்கார்ந்து, இடக்கையால் பாளையை இறுக்கிப் பிடித்து, வலக்கையிலிருந்த பாளை அருவாளால் நுனியைச் சீவும்போது அருவாள் வழுக்கி, மடங்கியிருந்த மோதிர விரலின் அடியில் இறங்கிவிட்டது. பிற்பாடு நான் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல சார். முழங்கைக்கு ரத்தம் வழிஞ்ச பொறவுதான் வெட்டு பட்டிருக்குன்னே பாத்தேன். நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சுது. எறங்கணும்லா, அந்த நெனப்புதான்.”

இறங்குவதற்கு முன் அவர் செய்தவை கவனிக்கத் தக்கவை. சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் மறுபடி மாட்டினார். அருவாளைத் துடைத்து இடுப்பிலிருந்த அருவாப்பெட்டியில் வைத்தார். பிறகு கால்களைப் பிணைக்கும் தளைநாரில் பாதங்களை ஊன்றி, வெட்டுப்பட்ட கையின் மணிக்கட்டையும் முழங்கையையும் மரத்தோடு அணைத்தபடி, குடுவையிலிருந்த பதநீர் பெரிதாகச் சிந்தாமல் ஏறத்தாழ நாற்பதடி இறங்கி, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிவரை நடந்து போனார். அவருடைய மனைவி அங்கே பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். கையைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில்தான் தாம் உட்கார்ந்ததாகவும், உட்கார்ந்த பிறகுதான் “உயிர் போற வலி” வந்ததாகவும் நோயாளி சொன்னார். வெட்டுக்கும் அந்த வலிக்கும் இடையே இருபது நிமிடமாவது கடந்திருக்க வேண்டும்.

பக்கத்து விடிலிக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியில் வலி மறுபடி குறைந்துவிட்டது. கையில் சுற்றியிருந்த துண்டில் கருப்பட்டிப் பாகின் வாசனை அடித்தது. இரத்தம் ஊறிய இடம் காய்ந்து, துண்டு கையின் வடிவிலேயே விறைத்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

எங்கள் பக்கத்து நோயாளிகளிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்பதைவிட, ரூபாய்க்கு எத்தனை பைசா வலி என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். “ரூபாய்க்கு எத்தனை பைசா வலிக்கு அண்ணாச்சி?” என்றேன். “இருபது பைசா இருக்கும்” என்றார். நாடி நிமிடத்துக்கு 112. இரத்த அழுத்தம் 156/94. உள்ளங்கை ஈரம், கண்மணிகள் சற்றே விரிந்திருந்தன. கையை மூடச் சொன்னேன்; மூடினார். மோதிர விரலும் மற்ற விரல்களோடு மடங்கியது. மேலோட்டமான காயம், தையல் போட்டால் போதும் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவுக்கு நான் வைத்திருந்த ஆதாரங்கள் இரண்டுதான்: விரல் மடங்கியது, அவர் சிரித்தார்.

மேசையில்

படுக்கச் சொல்லாமல், உட்கார்ந்த நிலையிலேயே கையை மேசைமேல் வைத்துக் காயத்தைக் கழுவினேன். தோலில் உப்புநீர் பட்டபோது “சுள்” என்று கையை இழுத்துக்கொண்டார், நாடியில் மாற்றமில்லை. பிறகு, மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே, காயத்தின் ஆழத்தைப் பார்ப்பதற்காகச் சிறிய இடுக்கியால் தசைநாணின் உறையைப் பற்றி மெல்ல இழுத்தேன். அது நான் செய்திருக்கக் கூடாத காரியம். அவர் கையை இழுக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். ஒரு கொட்டாவி விட்டார். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகப் பொடித்தது, முகம் சாம்பல் பூத்தது. “கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்றார். நாடி 44, அழுத்தம் 78/50.

உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினோம். செவிலியர், நாடியை உயர்த்தும் அட்ரோபின் மருந்தின் 0.6 மில்லிகிராம் ஆம்பூலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை உடைக்க வேண்டிய தேவை வரவில்லை. நான்கு நிமிடத்தில் நாடி 68, அழுத்தம் 110/70 என்று திரும்பிவிட்டன. அந்த நேரத்தில் வலி எப்படி இருந்தது என்று தெளிந்த பிறகு கேட்டேன். “வலி இருந்துச்சு, ஆனா என் கையில இல்ல, எங்கயோ தூரத்துல இருந்த மாதிரி” என்றார்.

படுத்திருந்த அவருடைய கையைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்த செவிலியர்தான் பிறகு சொன்னார்: “சார், விரல் நுனி மடங்கலை பாருங்க.” நடு எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னபோது நுனி அசையவே இல்லை. விரலின் நடுக்கணுவை மடக்கும் மேல் தசைநாண் தப்பியிருந்தது. நுனிவரை போகும் ஆழ்ந்த தசைநாண் முழுமையாக அறுந்திருந்தது. முதலில் நான் பார்த்த ‘மடக்கம்’ மேல் தசைநாணின் வேலை. சுண்டு விரல் பக்கமாக ஓடும் விரல் நரம்பும் அறுந்திருந்ததால் நுனியின் அந்தப் பாதி மரத்துப் போயிருந்தது. காயத்தை மூடாமல் கட்டுப்போட்டு, மரப்பு ஊசிக்குப் பிறகு சிம்பு வைத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மறுநாள் அங்கே தசைநாணும் நரம்பும் இணைக்கப்பட்டன.

எளிய விளக்கங்கள்

வலியையும் நாடியையும் சேர்த்தே தொடும் நடுமூளைப் பகுதி ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு முன், கையருகே கிடைக்கும் காரணங்களை ஒதுக்கியாக வேண்டும். விரல் நரம்பு அறுந்ததால்தான் வலி தெரியவில்லை என்பது முதலில் தோன்றும் விளக்கம். ஆனால் அந்த நரம்பு உணர்வூட்டுவது விரலின் ஒரு பாதியை மட்டுமே, வெட்டோ உள்ளங்கையின் விளிம்பிலிருந்து தொடங்கியது, அந்தத் தோலில் ஊசிமுனை உணர்வு முழுமையாக இருந்தது. அதுமட்டுமன்றி, அறுந்த நரம்பு இருபது நிமிடம் கழித்து விடிலியில் வந்த வலியை விளக்காது. நம் பகுதியில் வலி தெரியாத கை என்றால் தொழுநோயையும் சர்க்கரை நோயையும் நினைக்காமல் இருக்க முடியாது. தோலில் உணர்விழந்த தேமல் எதுவுமில்லை, முழங்கை நரம்பு தடித்திருக்கவில்லை, இரத்தச் சர்க்கரை 118. மது அருந்தியிருக்கவில்லை, காய்ச்சுவதற்குப் பதநீர் இறக்குபவர் அவர்.

மயக்கத்துக்கு இரத்த இழப்பு காரணமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. இரத்தம் குறையும்போது முதலில் நாடி வேகமெடுக்கும். இழப்பு மிகும்போது சிலரிடம் நாடியும் அழுத்தமும் ஒருசேர விழுவதும் உண்டு. ஆனால் துண்டில் இருந்த அளவைப் பார்த்தும், மறுநாள் ஹீமோகுளோபின் 12.8 இருந்ததைப் பார்த்தும், காலை உயர்த்தியவுடன் எல்லாம் திரும்பியதைப் பார்த்தும், இழப்பு மட்டுமே காரணம் என்று கொள்ள இயலவில்லை. இரத்தத்தைப் பார்த்து மயங்குபவர் என்றும் சொல்ல முடியாது. மரத்தின் மேல் தம் இரத்தத்தைத் தாமே பார்த்தவர் அங்கே மயங்கவில்லை.

‘தைரியசாலி’ என்பது எங்கள் மருத்துவமனையில் அன்று எல்லோரும் சொன்ன விளக்கம். அவர் தைரியசாலிதான். ஆனால் தைரியம் என்பது வலியைத் தாங்குவது. அவர் சொன்னது வலி இல்லை என்பது. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதினால் நோய்க்குறிப்பு பொய்யாகிவிடும்.

நாளத்தைச் சூழ்ந்த சாம்பல் பகுதி

நடுமூளையின் உள்ளே, மூன்றாவது மூளை அறையையும் நான்காவது மூளை அறையையும் இணைக்கும் ஒரு மெல்லிய நாளம் ஓடுகிறது. அதைச் சுற்றி உறைபோல அமைந்திருக்கும் நரம்புச் செல்களின் தொகுதியைப் பெரியாக்குவடக்டல் கிரே என்கிறார்கள். மருத்துவர்களின் வாயில் அது பி.ஏ.ஜி. நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். சிற்றுறுப்பு என்று சொல்லவும் தகுதியில்லாத இந்தச் சாம்பல் வளையம் வலி, இதயத்துடிப்பு, இரத்தக்குழாய்களின் இறுக்கம், மூச்சு, குரல், சிறுநீர்ப்பை என்று பலவற்றை ஒரே இடத்திலிருந்து தொடுகிறது.

1969-இல் டேவிட் ரெனால்ட்ஸ், எலிகளின் இந்தப் பகுதியில் மின்முனையை வைத்துத் தூண்டியபடியே, மயக்க மருந்து கொடுக்காமல் வயிற்று அறுவை செய்தார். எலிகள் விழித்திருந்தும் வலிக்கான எதிர்வினை காட்டவில்லை. வலி என்பது உடலிலிருந்து மூளைக்கு ஏறும் ஒருவழிச் செய்தி என்ற எண்ணம் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இலேயே தண்டுவடத்தில் ஒரு ‘கதவு’ இருப்பதாகவும், மூளை அதைத் திறந்து மூட முடியும் என்றும் எழுதியிருந்தனர். ரெனால்ட்ஸின் எலிகள் அந்தக் கதவை மேலிருந்து இழுக்கும் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டின.

அந்தக் கயிறு நேராகத் தண்டுவடத்துக்கு இறங்குவதில்லை. பி.ஏ.ஜி.யிலிருந்து புறப்படும் நார்களில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் மேற்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டியுள்ள ஆர்.வி.எம். என்ற இடத்தில் கைமாறுகின்றன. ஆலன் பாஸ்பாமும் ஹோவர்ட் ஃபீல்ட்ஸும் 1970-களின் இறுதியில் இந்தப் பாதையைத் தொகுத்து விளக்கினார்கள். ஆர்.வி.எம்.மிலிருந்து இறங்கும் நார்கள் தண்டுவடத்தின் பின்கொம்பை அடைந்து, தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் வலிச் செய்தி அடுத்த செல்லுக்குத் தாவும் இடத்திலேயே அதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆர்.வி.எம்.மில் இருவகைச் செல்கள் முக்கியமானவை. ஒருவகை, வலிக்கான அனிச்சைச் செயல் தொடங்குவதற்குச் சற்று முன் சட்டென்று இயங்கி வலியைப் பெருக்குகிறது. இன்னொரு வகை அதே தருணத்தில் அடங்கிவிடுகிறது, அது தொடர்ந்து இயங்கினால் வலி தணிகிறது. ஆகவே இந்தப் பாதை வலியைக் குறைக்க மட்டுமே இருக்கிறது என்று நினைப்பது தவறு. அது கூட்டவும் செய்யும். அந்த விவரம் இந்த நோயாளியின் கதையில் பின்னால் வருகிறது.

மார்ஃபின் வேலை செய்யும் இடங்களில் ஒன்றும் இதுவே. பி.ஏ.ஜி.யின் வெளியேற்றச் செல்கள் வழக்கமாகக் காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் சிறு செல்களால் அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மார்ஃபினும், 1975-இல் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் அபர்டீனில் கண்டறிந்த, மார்ஃபினைப் போல வேலை செய்யும் உடலின் சொந்தப் பொருளான என்கெஃபலினும் அந்த அடக்கும் செல்களை அடக்குகின்றன. கயிற்றைப் பிடித்து வைத்திருக்கும் காவல்காரனைத் தூங்க வைத்தால், கயிறு விடுபட்டு வலியின் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. மின்தூண்டலால் கிடைக்கும் வலிநீக்கத்தின் ஒரு பகுதியை நாலாக்சோன் என்ற முறிமருந்து தடுத்துவிடுகிறது. ஒரு பகுதியைத்தான், எல்லாவற்றையும் அன்று. நம் நோயாளிக்கு அந்த மிச்சம்தான் முக்கியம்.

ஏனெனில் பி.ஏ.ஜி. ஒரே சீரான வளையம் அன்று. ரிச்சர்ட் பேண்ட்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் விலங்குகளில் நடத்திய ஆய்வுகள், அது நாளத்தின் நீளவாக்கில் ஓடும் பத்திகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டின. முதுகுப்புறப் பக்கவாட்டுப் பத்தியையும் பக்கவாட்டுப் பத்தியையும் தூண்டினால் விலங்கு எதிர்த்து நிற்கிறது அல்லது பாய்ந்து ஓடுகிறது. உடலை ஆபத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன, நாடியும் அழுத்தமும் ஏறுகின்றன, ஓடும் தசைகளுக்கு இரத்தம் திருப்பிவிடப்படுகிறது, அதே நேரத்தில் வலி மங்குகிறது. இந்த வலிநீக்கம் பெரும்பாலும் ஓபியம் சார்ந்த வேதிப்பொருள்களை நம்பியிருப்பதில்லை. கீழ்ப்புறப் பக்கவாட்டுப் பத்தியைத் தூண்டினால் நேர்மாறாக விலங்கு அசையாமல் ஒடுங்குகிறது, சுற்றுப்புறத்தைக் கவனிப்பதை விடுகிறது, பரிவு நரம்புகள் தளர்ந்து நாடியும் அழுத்தமும் விழுகின்றன. இங்கும் வலி மங்குகிறது, ஆனால் இம்முறை ஓபியம் சார்ந்த வழியில். வலி குறைகிறது என்ற ஒரே விளைவுக்குப் பின்னால் இதயம் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் ஓடுகிறது.

எந்த வலி எந்தப் பத்திக்குப் போகிறது என்பதிலும் ஒரு ஒழுங்கு காணப்பட்டது. தோலில் படும் வலி, அதாவது விலகி ஓடித் தப்பக்கூடிய வலி, பக்கவாட்டுப் பத்தியை எழுப்புகிறது. தசை, மூட்டு, உள்ளுறுப்பு ஆகியவற்றின் ஆழ்ந்த வலி, எங்கே ஓடினாலும் கூடவே வரும் வலி, கீழ்ப்புறப் பத்தியை எழுப்புகிறது. இதற்கு வெகு காலம் முன்பே, வலியைப் பற்றி 1942-இல் எழுதிய பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ், தோல் வலி மனிதனைத் துள்ள வைப்பதையும் ஆழ்ந்த வலி அவனை வெளிறிச் சோர வைப்பதையும் நோயாளிப் படுக்கையின் அருகிலிருந்தே பார்த்துக் குறித்திருந்தார். இதயத்துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு சார்ந்த இந்த மயக்கத்துக்கு இன்று மருத்துவ உலகம் வழங்கும் பெயரும் அவர் கொடுத்ததே.

மனித மூளையில் இதே ஏற்பாடு இருப்பதற்கான நேரடிச் சான்று அறுவை மேசையிலிருந்து வந்தது. தீராத வலிக்காக நோயாளிகளின் இந்தப் பகுதியில் மின்முனைகளைப் பதிக்கும் முறை 1970-களில் தொடங்கியது. 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர், அப்படி மின்முனை பதிக்கப்பட்டு விழித்திருந்த நோயாளிகளில், முனை மேற்புறமாக இருந்தால் இரத்த அழுத்தம் ஏறுவதையும் கீழ்ப்புறமாக இருந்தால் இறங்குவதையும் அளந்து காட்டினர். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். நாம் வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் இந்தப் பத்திகளைப் பிரித்தறிய முடியாது. அதனால் நம் நோயாளிக்கு அன்று படம் எடுத்திருந்தாலும் பயனில்லை.

அன்று காலையை மறுபடி படித்தல்

இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு என் குறிப்புத்தாளைத் திரும்பப் பார்த்தால், நான் புதிர் என்று நினைத்தது புதிராகத் தெரியவில்லை. நாற்பதடி உயரத்தில் ஒருவனுக்கு உடனே ஆக வேண்டிய வேலை இறங்குவது. ஆபத்தை மதிப்பிடும் அமிக்டலாவும் ஹைப்போதலாமஸும் நெற்றிப்பகுதிப் புறணியும் பி.ஏ.ஜி.க்குச் செய்தி அனுப்புகின்றன. மேற்புறப் பத்திகள் இதயத்தை முடுக்கி, வலியின் கதவைச் சாத்துகின்றன. “நெஞ்சு படபடன்னு அடிச்சுது” என்பதையும் “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல” என்பதையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான்தான் அவற்றை இரண்டு செய்தியாக எழுதினேன்.

விடிலியில் உட்கார்ந்ததும் தப்பிக்கும் வேலை முடிந்தது, கதவு திறந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் காயமுற்ற வீரர்களைப் பற்றி ஹென்றி பீச்சர் 1946-இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. கடுமையாகக் காயமுற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அளவுக்கு, மருத்துவ முகாமை அடைந்தபோது வலிக்கு மருந்து வேண்டாம் என்றிருந்தார்கள். அவர்களுக்குக் காயம் என்பது போர்முனையிலிருந்து விடுதலை என்று பீச்சர் பொருள் சொன்னார். பனையேறிக்குக் காயம் விடுதலை ஆகாது, பருவ வருமானத்தின் இழப்பு. பாதுகாப்பான இடத்தை அடைந்தவுடன் அவருக்கு வலி வந்ததற்கு இந்த வேறுபாடும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மருத்துவமனையில் நான் கண்ட 20 பைசா வலிக்கும் 112 நாடிக்கும் இப்போது வேறு பொருள் வருகிறது. காயம் சிறியது என்பதால் வலி குறைவாக இல்லை. தற்காப்பு ஏற்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் குறைவாக இருந்தது. பைக்கில் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு வந்த பயணம் அதை மறுபடி முடுக்கியிருக்கும். நாடி அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாடியை வைத்து வலியை அளந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி அளக்க முயன்றவர்கள் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். பெரிய காயம், சிறிய வலி, வேகமான நாடி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், வலி குறைவு என்பதைக் காயத்தைப் பற்றிய சாட்சியமாக ஏற்கக் கூடாது என்பதே நான் சொல்வது. அப்படிப்பட்டவரிடம் ஒவ்வொரு தசைநாணையும் தனித்தனியாக இயக்கிப் பார்த்த பிறகே தையலைப் பற்றிப் பேச வேண்டும்.

மேசையில் நடந்தது இன்னும் தெளிவானது. உப்புநீர் தோலில் பட்டபோது கையை இழுத்தார். தோல் வலியின் துள்ளல். தசைநாண் உறையை இழுத்தபோது அசையாமல் போனார். ஆழ்ந்த வலியின் ஒடுக்கம். இரண்டுக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முதலாவது ‘வலிக்கிறது’, இரண்டாவது ‘பொறுத்துக்கொள்கிறார்’. இரண்டாவதுதான் ஆபத்தானது. எலிகளில் இரத்தம் வெளியேறும்போது அழுத்தம் சரிந்து விழும் கட்டத்திலும் கீழ்ப்புறப் பத்தியின் பங்கு காட்டப்பட்டிருக்கிறது. அதனால் அவருடைய சிறிய இரத்த இழப்பும் என் இடுக்கியும் ஒரே பத்தியில் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. வலி ‘எங்கயோ தூரத்துல’ இருந்தது என்று அவர் சொன்னதும் அந்தப் பத்தியின் குணத்தோடு பொருந்துகிறது.

ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து மூளையின் இந்தப் பத்தி இயங்கியது என்று நிறுவ முடியாது. வேகஸ் மயக்கத்தில் முகுளத்தின் பல மையங்களும் இதயத்திலிருந்து மேலேறும் செய்திகளும் பங்கு கொள்கின்றன, பி.ஏ.ஜி. அவற்றில் ஒரு கண்ணி. விலங்குகளில் கண்ட ஒழுங்கு இந்த மனிதரிடம் கண்டதோடு ஒத்துப்போகிறது என்ற அளவில்தான் இந்த நிகழ்வுக்குச் சான்று மதிப்பு.

ஆறு வாரத்துக்குப் பிறகு

சிம்பு எடுத்து, பயிற்சி தொடங்கிய பிறகு அவர் என்னிடம் திரும்பி வந்தார். காயம் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் நரம்பு இணைத்த இடத்தில் இரவில் “காந்துது” என்றார். பகலில் 20 பைசா, இரவில் 75 பைசா. மரத்தின்மேல் புது வெட்டை உணராதவருக்கு ஆறிய விரல் தூக்கத்தைக் கெடுத்தது. பருவத்தின் நடுவே தொழில் நின்றுபோனது, வாங்கியிருந்த முன்பணம், வேறு ஆளை அமர்த்தி ஏற்ற வேண்டிய பனைகள் என்று அவர் எண்ணிக்கொண்டு படுத்திருந்த இரவுகள் அவை.

அறுந்து இணைந்த நரம்பு வலி தருவது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அதே நரம்பு பகலில் ஒரு விலையும் இரவில் ஒரு விலையும் சொல்வதற்கு, மேலிருந்து இறங்கும் பாதையின் பெருக்கும் செல்கள் ஒரு காரணம் என்று கருதுகிறேன். கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டுவது, நோயாளி நடிப்பதாலோ கற்பனை செய்வதாலோ அன்று. வலியை அடக்கும் அதே கயிறு எதிர்ப்பக்கமாகவும் இழுக்கப்படக் கூடியது என்பதால். இதை அவரிடமும் மனைவியிடமும் சொன்னேன். “அப்போ மனசுல இருக்குறதுதான் கையில வலிக்குதா சார்?” என்று கேட்டார் மனைவி. கையில் இருப்பதை மனசு கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது என்று பதில் சொன்னேன்.

இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தேன். மன அழுத்தத்துக்கான மருந்து என்று மருந்துக்கடையில் யாரோ சொல்லிவிட, அவர் இரண்டு நாள் அதைச் சாப்பிடாமல் இருந்துவிட்டு வந்து கேட்டார். இறங்குபாதையில் பயன்படும் செரட்டோனின், நாரட்ரினலின் ஆகியவை தண்டுவடத்தில் சற்று நேரம் கூடுதலாகத் தங்க அந்த மருந்து உதவுகிறது, அதனால்தான் நரம்பு வலிக்கு இவ்வளவு குறைந்த அளவில் தருகிறோம் என்று விளக்கிய பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார். மனைவி வைத்த உப்பு ஒத்தடத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை. சூடு அதிகமாகி மரத்த பகுதி பொத்துவிடாமல் முதலில் தம் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 1978-இல் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் மூவரும், பல் பிடுங்கியவர்களுக்குப் போலி மருந்தால் கிடைத்த வலிநீக்கத்தை நாலாக்சோன் தடுத்துவிடுவதைக் காட்டினர். வலி குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு உடலில் சொந்த வேதியியல் உண்டு. ஒத்தடம் வெப்பத்தால் எவ்வளவு குறைத்தது, வைத்தவர் கையால் எவ்வளவு குறைத்தது என்று பிரித்துப் பார்க்கும் அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதத்தில் இரவு வலி 30 பைசாவுக்கு வந்தது. உட்கார்ந்திருக்கும்போது நாடி 72, அழுத்தம் 128/80. தை மாதம், பாளை விடும் சமயத்தில், கடைசியாகப் பார்த்தேன். விரல் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி இருந்தது. பாளையைப் பிடிக்க மோதிர விரலை நம்பாமல் நடுவிரலையும் சுட்டுவிரலையும் பழக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அன்று இரத்தம் எடுக்க ஊசியைக் காட்டியதும், நான் சொல்வதற்கு முன்பே மேசையில் நீட்டிப் படுத்துக்கொண்டார்.